தோட்டத்து டிஸ்பென்சரியின் பதிவு எந்த வட்டில் இருக்க வேண்டும்?

கண்டியிலோ அட்டனிலோ அலுவலகம் வைத்துக்கொண்டு தோட்டத்து டிஸ்பென்சரிகளுக்கும் சிறு தனியார் வைத்தியசாலைகளுக்கும் ஆய்வுகூடங்களுக்கும் மென்பொருள் செய்துகொடுக்கும் நிறுவனம், நிரலில் ஒரு வரி எழுதுமுன்பே ஒரு கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டும். நோயாளர் வந்து உட்கார்ந்ததும் தட்டச்சாகும் பதிவு முதன்முதலில் எந்தக் கணினி வட்டில் போய் விழுகிறது? பிறகு வரும் செலவும் தலைவலியும் இந்த ஒரு பதிலிலிருந்தே கிளைவிடுகின்றன.

தெரிவுகள் நான்கு. மும்பை, சென்னை, சிங்கப்பூர் போன்ற இடங்களில் உள்ள வெளிநாட்டு கிளவுட். கொழும்பில் வாடகைக்கு எடுக்கும் உள்நாட்டுத் தரவு மையம். ஒவ்வொரு கிளினிக்கிலும் தனித்தனியாக ஒரு சர்வர். கடைசியாக, கிளினிக்கில் ஒரு சிறு பெட்டியும் நடுவில் ஒரு தரவுத்தளமுமாக இரண்டையும் கோக்கும் கலப்பு முறை. எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: மலையகத்தில் பெரும்பாலான இடங்களுக்குக் கலப்பு முறைதான் நின்றுபிடிக்கும். ஆனால் நான்கிலும் கட்டுவதற்குக் கடினமானது அதுவே. கடினம் எந்த இடத்தில் இருக்கிறதென்று தெரியாமல் இறங்கினால், முதல் மழைக்காலத்தோடு டிஸ்பென்சரி மறுபடி கொப்பிக்கே திரும்பிவிடும்.

முதலில் அளவைப் போட்டுப் பாருங்கள்

வெளிநோயாளர் ஒருவரின் வருகை என்பது பெயர், முறைப்பாடு, குருதி அழுத்தம், கொடுத்த மருந்து ஆகியவைதான். தரவுத்தளச் சுட்டிகளையும் சேர்த்து 5 கிலோபைட் என்று வையுங்கள். நாளுக்கு 200 பேர் வந்தாலும் 1 மெகாபைட்டோடு முடிந்துவிடும்.

படம் வேறு கதை. டிஜிட்டல் நெஞ்சு எக்ஸ்ரே 3,000 × 2,500 புள்ளிகள், புள்ளிக்கு 2 பைட் என்றால் 15 மெகாபைட். சிடி ஸ்கேனில் ஒரு வெட்டுப்படம் 512 × 512 புள்ளிகள், அரை மெகாபைட். 300 வெட்டுப்படங்கள் என்றால் 150 மெகாபைட். மேலேற்ற வேகம் 5 மெகாபிட் கிடைக்கும் 4ஜி இணைப்பில் எக்ஸ்ரே ஏற 24 செக்கன், சிடிக்கு 4 நிமிடம். சிக்னல் ஒரு கோட்டுக்கு இறங்கி வேகம் அரை மெகாபிட் ஆனால் எக்ஸ்ரேக்கே 4 நிமிடம், சிடிக்கு 40 நிமிடம். ஒரே வரிசையில் இரண்டையும் விட்டால், படம் ஏறி முடியும்வரை ஒவ்வாமைக் குறிப்பு பின்னால் காத்து நிற்கும். எந்தத் தெரிவை எடுத்தாலும் எழுத்துப் பதிவுக்கு ஒரு வழி, படத்துக்கு வேறு வழி.

வெளிநாட்டு கிளவுட் மட்டும்

நான்கைந்து பேர் கொண்ட குழுவுக்கு இதுதான் இலகு. வட்டுப் பழுது, தானியங்கிப் பிரதி, குறியாக்கம், சாவி முகாமை எல்லாம் ஆயத்தமாகக் கிடைக்கின்றன. பெரிய கிளவுட் நிறுவனங்கள் எதற்கும் இலங்கைக்குள் சொந்த வலயம் (தரவு மையத் தொகுதி) இல்லாததால் பக்கத்து நாட்டுக்குத்தான் போகவேண்டும்: அமேசானுக்கு மும்பை, ஹைதராபாத், சிங்கப்பூர், மைக்ரோசொஃப்டுக்குச் சென்னை, புனே, கூகுளுக்கு மும்பை, டெல்லி.

தூரத்தின் விலையைக் கணக்கில் எடுங்கள். மொபைல் இணைப்பில் போய்வர 100 மில்லிசெக்கன் என்று வைத்துக்கொண்டால், ஒரு திரையைத் திறக்கத் தரவுத்தளத்திடம் 40 வினவல்களை (கேள்விகளை) ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் நிரல் 4 செக்கன் காக்கவைக்கும். நிரலாளரின் மேசையில் தரவுத்தளம் பக்கத்திலேயே இருப்பதால் இந்தக் குறை அங்கே தெரியாது, மஸ்கெலியாவில்தான் தெரியும். வினவல்களை ஒன்றாகக் கட்டி ஒரே தடவையில் அனுப்புவதே மருந்து. வலயத்தை மாற்றினால் பாதிதான் குறையும்.

பெரிய ஆபத்து தாமதமல்ல, அறுந்துபோவது. 2025 நவம்பர் இறுதியில் திட்வா சூறாவளி வந்தபோது கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மண்சரிவு பாதைகளையும் மின்கம்பிகளையும் தொலைத்தொடர்பு வடங்களையும் சேர்த்தே இழுத்துச் சென்றது. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை மலையகம் இன்னும் மறக்கவில்லை. காயப்பட்டவர்கள் டிஸ்பென்சரி வாசலுக்கு வரும் நாளும் இணைப்பு அறும் நாளும் இங்கே ஒரே நாள். அன்றைக்குத் திறக்காத மென்பொருள் மற்ற 364 நாளும் வேகமாக ஓடி என்ன பயன்?

செய்மதி இணையமான ஸ்டார்லிங்க் 2025 ஜூலையில் இலங்கையில் சேவையைத் தொடங்கியது. பைபர் அறுந்த இடத்தில் அது பெரிய உதவி. ஆனால் தட்டுக்கு 75 முதல் 100 வாட் மின்சாரம் வேண்டும். மேலே தடையில்லாத வானமும் வேண்டும். பள்ளத்தாக்கின் அடியில், உயர்ந்த மரங்களுக்கு நடுவே இருக்கும் கட்டடத்தில் இணைப்பு விட்டுவிட்டு வரும். அதை இரண்டாவது பாதையாகக் கொள்ளலாம், ஒரே பாதையாகக் கொள்ளாதீர்கள்.

அடுத்தது டொலர். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாய் அளவில் இருந்தது. மே மாதத்தில் 360 ஐத் தொட்டது. மாதம் 1,000 டொலர் கட்டணம் 2 இலட்சத்திலிருந்து 3 இலட்சத்து 60 ஆயிரமானது. வாடிக்கையாளரான கிளினிக் உங்களுக்கு ரூபாயில்தான் தரும், அதுவும் வருட ஒப்பந்தத்தில். ஒப்பந்தத்தில் நாணயமாற்று விகிதத்துக்கு ஒரு வாசகம் இல்லையென்றால் அந்த வித்தியாசம் உங்கள் கையிலிருந்து போகும்.

கொழும்புத் தரவு மையம்

கட்டணம் ரூபாயில், தாமதம் குறைவு, தரவு நாட்டை விட்டுப் போவதில்லை. அரச நிறுவனங்களோடு வேலை செய்யப் போகிறவர்களுக்கு இது பேச்சைச் சுருக்கும். ஆனால் அட்டனிலிருந்து கொழும்புக்குப் போகும் வழி அறுந்தால் நிலைமை மும்பையைப் போன்றதே. தரவுத்தளத்தை நீங்களே நிறுவி, நீங்களே புதுப்பித்து, நீங்களே காக்க வேண்டியும் வரலாம். ஒப்பந்தத்துக்கு முன் கேட்கவேண்டியது ஒன்று: இரண்டாவது பிரதி எங்கே இருக்கிறது? களனி கங்கையின் அதே வெள்ளப் பரப்பில் இருந்தால் அது இரண்டாவது இடமாகாது.

கிளினிக்கிலேயே சர்வர்

இணைப்பு அறுந்தாலும் வேலை நடக்கும் என்பதால் டிஸ்பென்சர்மார் இதைத்தான் விரும்புவார்கள். ஆனால் இரும்புப் பெட்டிக்கு மலையகம் கரடுமுரடான வீடு.

மின்சாரத்திலிருந்து தொடங்குவோம். 2022 மார்ச் இறுதியில் நாட்டில் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போனது. அந்த நிலை இன்று இல்லை, ஆனால் தோட்டப் பகுதியில் மரம் விழுந்து கரண்ட் போனால் திரும்பிவர நாளாகலாம். கடையில் கிடைக்கும் 1,000 விஏ யூபிஎஸ்ஸில் பெரும்பாலும் இரண்டு 12 வோல்ட் 9 ஆம்பியர்மணி பற்றரிகள் இருக்கும். மொத்தம் 216 வாட்மணி. இழப்பு போக 130 என்று எடுங்கள். 60 வாட் சுமைக்கு இரண்டு மணித்தியாலம், அதுவும் பற்றரி புதிதாக இருக்கையில். இரண்டு மூன்று வருடத்தில் அது பாதியாகிவிடும், ஒருவரும் கவனிக்கமாட்டார்கள். இதற்குப் பதில் 12.8 வோல்ட் 100 ஆம்பியர்மணி லித்தியம் இரும்பு பொஸ்பேட் பற்றரி ஒன்று 1,280 வாட்மணி தரும். 80 வீதம் பயன்படுத்தி, இன்வெர்ட்டர் இழப்பையும் கழித்தால் 920. சிறு கணினி, ரவுட்டர், சுவிட்ச், ஒரு மடிக்கணினி சேர்ந்து 90 வாட் என்றால் 10 மணித்தியாலம். ஒரு முழு வேலைநாள் அது.

பற்றரி இறங்கியதும் கணினி ஒழுங்காக மூடிக்கொள்ள வேண்டும். யூபிஎஸ்ஸிலிருந்து கணினிக்கு யூஎஸ்பி வடத்தைப் போட்டு, 20 வீதத்தில் தானாக மூடும்படி அமையுங்கள். வட்டு வாங்கும்போது மின்னிழப்புப் பாதுகாப்பு உள்ள எஸ்எஸ்டியைக் கேட்டு வாங்குங்கள். சாதாரண எஸ்எஸ்டிகளில் சில, எழுதி முடித்துவிட்டதாகத் தரவுத்தளத்திடம் சொல்லிவிட்டு, உண்மையில் தற்காலிக நினைவகத்தில் வைத்திருக்கும். அந்த நொடியில் கரண்ட் போனால் கடைசிப் பதிவோடு தரவுத்தளக் கோப்பின் ஒரு பக்கமும் சிதைந்துபோகும்.

இடி மின்னல் அடுத்தது. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடிமழை வழக்கம். மின்வழியில் மட்டும் பாதுகாப்புச் சாதனம் போட்டால் போதாது. ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு இழுத்த செப்பு நெட்வேர்க் வடம்தான் மின்னலின் மின்னெழுச்சியைச் சுவிட்சுக்கும் சர்வருக்கும் கொண்டுவரும் வழி. மகப்பேற்று அறைக்கும் மருந்தறைக்கும் நடுவே முற்றம் இருந்தால் அங்கே செப்பைத் தவிர்த்துப் பைபர் இழுங்கள், இரு முனையிலும் ஒளியையும் மின்குறியையும் மாற்றிக்கொடுக்கும் ஒரு மாற்றிப் பெட்டி. நிலத்தொடுப்பின் தடையை 10 ஓமுக்குக் கீழே கொண்டுவந்து, மீற்றரால் அளந்து எழுதிவையுங்கள்.

குளிர் நல்லது, நுவரெலியாவின் 1,868 மீற்றர் உயரத்தில் சர்வர் அறைக்கு ஏசி வேண்டாம். ஈரம்தான் கெடுதல். இரவில் அணைத்துவிட்டுக் காலையில் போடும் கணினிக்குள் பனி நீராகப் படிந்து, செப்பு முனைகள் பச்சை பூக்கும். அணைக்காமல் விட்டால் அதன் சொந்தச் சூடே ஈரத்தை விரட்டும். விசிறியில்லாத பெட்டியை, நிலத்திலிருந்து ஒன்றரை மீற்றர் உயரத்தில், கருவிகளை ஆவியில் அவிக்கும் இடத்துக்கு எட்ட, சுவரில் பொருத்துங்கள்.

களவு போகும் என்று வட்டைக் குறியாக்கம் செய்வது சரி. ஆனால் ஒவ்வொரு முறை இயங்கத் தொடங்கும்போதும் கடவுச்சொல் கேட்கும்படி வைத்தால், இரவு கரண்ட் வந்துபோனதும் காலையில் பெட்டி உயிரில்லாமல் நிற்கும். சொல் தெரிந்தவர் கண்டியில் இருப்பார். இணையம் வழியாகச் சாவி அனுப்பும் ஏற்பாடும் இணைப்பு அறுந்த அன்று உதவாது. கணினியின் டிபிஎம் சில்லில் (சாவிகளைப் பாதுகாப்பதற்கென்றே உள்ள சில்லு) சாவியைப் பூட்டி வைப்பதே நடைமுறை.

இவ்வளவும் செய்தாலும் தனித்தனி சர்வருக்கு ஒரு தீராத குறை உண்டு. முப்பது தோட்டங்களில் முப்பது சர்வர் என்றால் சில மாதங்களில் முப்பது பதிப்பு மென்பொருள் ஓடும். டிஸ்பென்சரியிலிருந்து டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கு அனுப்பப்படும் தாயின் பதிவு கூடவே போகாது. காப்புப் பிரதி எடுக்கிறதா என்று பார்க்க ஆளும் இருக்காது. 2023 ஆகஸ்டில் கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தாக்கியபோது ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகளின் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான தரவு மீட்கமுடியாமல் போனது. காரணம், அந்தக் காலத்துக்கு இணைப்புக்கு வெளியே பிரதி இல்லை. தலைநகரிலேயே அப்படியென்றால், மருந்து அலுமாரிக்குப் பக்கத்தில் இருக்கும் பெட்டியைச் சொல்லவேண்டாம்.

பெட்டியும் நடுவமும்

கலப்பு முறையின் விதி ஒன்றே: பதிவு முதலில் நோயாளர் இருக்கும் இடத்து வட்டில் உறுதியாகும், பிறகு இணைப்பு இருக்கும்போது நடுவத்துக்குப் போகும். நடுவம் கொழும்பிலா மும்பையிலா என்பது இதற்குப் பிறகு சிறிய கேள்வியாகிவிடுகிறது. மேலே சர்வருக்குச் சொன்ன பற்றரி, எஸ்எஸ்டி, பைபர் எல்லாம் இந்தப் பெட்டிக்கும் பொருந்தும். பெட்டி மட்டும் சிறியது.

பெட்டியிலும் நடுவத்திலும் ஒரே பதிவு இருக்கச்செய்யும் ஒத்திசைவை எப்படிச் செய்வது என்பதில்தான் ஆட்கள் வழுக்குகிறார்கள். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் தர்க்கப் பிரதியாக்கம் (ஒரு தரவுத்தளத்தின் மாற்றங்களை இன்னொன்றுக்குத் தானாக அனுப்பும் வசதி) ஆயத்தமாக இருக்கிறதே என்று அதை எடுத்துப் பூட்டுவது வழக்கமான முதல் பிழை. வாங்குபவர் தொடர்பில் இல்லாதபோது, அவருக்காக அனுப்புபவர் தன் மாற்றப் பதிவுகளை அழிக்காமல் சேர்த்துவைப்பார். இயல்பு அமைப்பில் அதற்கு எல்லை கிடையாது. நடுவத்திலிருந்து கிளினிக்குகளுக்கு அப்படி அனுப்பினால், மண்சரிவில் மூன்று வாரம் துண்டான ஒரே ஒரு டிஸ்பென்சரிக்காக நடுவத்தின் வட்டு நிறைந்து, எல்லாக் கிளினிக்கும் ஒரே நேரத்தில் நின்றுவிடும். 13ஆம் பதிப்பிலிருந்து எல்லை போட வழி உண்டு. ஆனால் எல்லையைத் தாண்டினால் அந்தக் கிளினிக்கின் ஒத்திசைவு முறிந்து, ஆரம்பத்திலிருந்து நகலெடுக்க வேண்டும்.

எங்கள் பரிந்துரை எளிமையானது. ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு நிகழ்வாக, பதிவை எழுதும் அதே பரிவர்த்தனைக்குள் (இரண்டும் சேர்ந்தே எழுதப்படும், அல்லது இரண்டும் எழுதப்படாது) ஓர் அனுப்பு அட்டவணையில் எழுதுங்கள். நூறு நூறாகக் கட்டி அனுப்புங்கள். ஒவ்வொரு நிகழ்வுக்கும் மாறாத அடையாளம் ஒன்று இருக்கட்டும்; அதே நிகழ்வு இரண்டு தடவை வந்தால் நடுவம் இரண்டாவதைக் கண்டுகொள்ளாமல் விடட்டும். நடுவம் "இந்த எண் வரை வாங்கினேன்" என்று சொன்ன பிறகுதான் கிளினிக் பெட்டி அதை அனுப்பியதாகக் குறிக்க வேண்டும். பாதி வழியில் சிக்னல் போனால் மறுபடி அனுப்புவதில் நட்டம் ஒன்றுமில்லை.

அடையாள எண்ணுக்குத் தானாக ஏறும் 1, 2, 3 வேண்டாம். இரண்டு கிளினிக்கிலும் 1045 பிறந்துவிடும். எங்கே உருவாக்கினாலும் மோதாத நீள எண்ணான யூயூஐடியில், நேர வரிசையில் அமையும் ஏழாம் வகையை எடுங்கள். நோயாளர் கையில் கொடுக்கும் துண்டில் அவ்வளவு நீள எண்ணை அச்சிட முடியாது. அதற்குக் கிளினிக் குறி, தொடர் எண், சரிபார்ப்பு இலக்கம் என்று ஒரு குறுகிய எண்ணைத் தனியே வையுங்கள்.

நேரத்தை நம்பாதீர்கள். பழைய கணினியின் தாய்ப்பலகையில் உள்ள நாணயப் பற்றரி செத்துப்போனால், கரண்ட் வந்ததும் கணினி ஏதோ ஒரு பழைய வருடத்தில் கண்விழிக்கும். இணையம் இல்லாதபோது அதைத் திருத்த யாரும் இல்லை. "கடைசியாக எழுதியதே வெல்லும்" என்ற விதியில் ஓடும் ஒத்திசைவு அன்றைய பதிவையெல்லாம் பழையதென்று தள்ளிவிடும், ஓர் எச்சரிக்கையும் வராது. டிஎஸ்3231 போன்ற துல்லியமான கடிகாரச் சில்லைப் பொருத்தலாம். அது வருடத்துக்கு ஒரு நிமிடம் அளவே விலகும். அதோடு, கடைசிப் பதிவின் நேரத்தைவிடக் கணினி நேரம் பின்னால் போயிருந்தால் மென்பொருள் உடனே திரையில் கேட்க வேண்டும். முன்பின்னை முடிவுசெய்ய நேரத்தைவிடக் கிளினிக்கின் தொடர் எண்ணை நம்புங்கள்.

இரண்டு இடத்தில் ஒரே பதிவு மாறியிருந்தால் எது வெல்லும் என்பதை ஒரே விதியால் தீர்க்கக்கூடாது. தொலைபேசி எண்ணுக்குக் கடைசியாக வந்தது போதும். ஒவ்வாமைப் பட்டியலில் இரண்டையும் சேர்க்க வேண்டும், எதையும் தானாக நீக்கக்கூடாது. மருந்தின் அளவு முரண்பட்டால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டி, வைத்தியரோ டிஸ்பென்சரோ தெரிவுசெய்யும்வரை நிலுவையில் வையுங்கள். இந்தப் பட்டியலை நிரலாளர் தனியே எழுதக்கூடாது. மருந்து கொடுக்கும் கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத வேண்டும்.

ஆய்வுகூடம் உள்ள இடத்துக்குப் பெட்டி கட்டாயம். குருதிப் பரிசோதனை இயந்திரங்கள் முடிவைத் தொடர்வட இணைப்பிலோ எச்எல்7 (மருத்துவக் கருவிகளும் மென்பொருளும் பேசும் தரம்) செய்தியாகவோ அனுப்பிவிட்டு, "கிடைத்தது" என்ற பதிலுக்காகக் காத்திருக்கும். கேட்பவர் கடலுக்கு அப்பால் இருந்து இணைப்பு அறுந்தால், சில இயந்திரங்கள் சில தடவை முயன்றுவிட்டுக் கைவிட்டுவிடும். பெட்டி, செய்தியை வட்டில் எழுதி முடித்த பிறகே "கிடைத்தது" சொல்ல வேண்டும். நினைவகத்தில் வாங்கியதும் சொன்னால், அந்த இடைவெளியில் போன கரண்டோடு முடிவும் போய்விடும். அலகையும் எண்ணோடு சேர்த்தே சேமியுங்கள். குருதி குளுக்கோசு ஓரிடத்தில் டெசிலீற்றருக்கு 126 மில்லிகிராம் என்றும் இன்னோரிடத்தில் லீற்றருக்கு 7.0 மில்லிமோல் என்றும் வரும், இரண்டும் ஒன்றே. கிரியேட்டினின் டெசிலீற்றருக்கு 1 மில்லிகிராம் என்பது லீற்றருக்கு 88.4 மைக்ரோமோல். அலகில்லாத எண்களை நடுவத்தில் ஒரே வரைபடத்தில் போட்டால் சிறுநீரகம் நலமான மனிதர் நோயாளியாவார்.

நடுவத்திலிருந்து கீழே எது வரவேண்டும்? அந்தத் தோட்டத்திலும் அடுத்துள்ள தோட்டங்களிலும் பதிவான ஆட்கள் மட்டும். முழுத் தரவுத்தளத்தையும் எல்லாப் பெட்டியிலும் வைத்தால், ஒரு பெட்டி களவுபோனாலே எல்லோருடைய இரகசியமும் போன மாதிரி.

ஒரே ஆள்தானா என்று அறிவது

சர்வருக்கும் கிளவுட்டுக்கும் ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கை இங்கே திருப்புங்கள். நடுவம் என்று ஒன்று வந்த அன்றே, வெவ்வேறு கிளினிக்குகளில் இருந்த ஆட்களை ஒன்றுசேர்க்கும் வேலையும் வந்துவிடுகிறது. மலையகத்தில் இது வேறு எங்கும் இல்லாத அளவுக்குச் சிக்கல்.

தேசிய அடையாள அட்டையை நம்பலாம், ஆனால் அட்டை இரண்டு வடிவம். பழையது ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும்; 2016 முதல் வந்த புதியது பன்னிரண்டு இலக்கம். பழைய எண்ணின் முன்னால் 19 சேர்த்து, பழைய எண்ணின் முதல் ஐந்து இலக்கத்துக்குப் பின் ஒரு பூச்சியம் இட்டு, கடைசி எழுத்தை நீக்கினால் புதிய வடிவம் வரும். எல்லாவற்றையும் இந்த வடிவத்துக்கு மாற்றியே சேமித்தால் ஒருவர் இருவராவது குறையும். எண்ணிலுள்ள நாளிலக்கம் (வருடத்தின் எத்தனையாவது நாளில் பிறந்தார் என்பது) பெண்களுக்கு 500 கூடி வரும். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்றே அது எண்ணப்படுகிறது; இதைக் கவனிக்காத நிரல், லீப் அல்லாத வருடங்களில் மார்ச் முதலாம் தேதியிலிருந்து பிறந்தவர்களின் தேதியை ஒரு நாள் தவறாகக் காட்டும். பிள்ளைகளுக்கு அட்டையே கிடையாது. குடியுரிமை இன்றித் தலைமுறைகள் கழிந்த சமூகத்தில், முதியவர்களில் சிலரிடம் ஆவணங்கள் பிந்தியே வந்து சேர்ந்தன. அவற்றிலுள்ள பிறந்த தேதி உண்மையான தேதியாக இல்லாமலும் இருக்கலாம். அட்டையைக் கட்டாயப் புலமாக்கினால் டிஸ்பென்சர் ஏதாவதொரு எண்ணை அடித்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவார். அதைவிட வெறுமையே மேல்.

டிஸ்பென்சரியில் ஆளைச் செக்ரோல் நம்பரால் (தோட்டத்து வேலைப் பதிவேட்டு எண்) கூப்பிடுவார்கள். தோட்டத்துக்குள் அது போதும். வேலையை விட்டவரின் நம்பர் இன்னொருவருக்குப் போகலாம், வெளியே வேலைக்குப் போகும் மகனுக்கு நம்பரே இல்லை. லய வீடுகளுக்குத் தனி முகவரி இல்லாததால் முகவரியும் கைகொடுக்காது; ஒரே டிவிஷனில் ஒரே பெயரில் நாலு லெட்சுமி இருப்பார்கள். இதற்குமேல் வீட்டுப்பெயர் ஒன்று, பதிவுப்பெயர் ஒன்று. கிளினிக் கொப்பியில் எந்தப் பெயர் இருக்கிறதென்று பார்த்து, இரண்டுக்கும் தனித்தனிப் புலம் வையுங்கள்.

பெயர் எழுதும் முறைதான் இன்னும் சிக்கல். சிங்களம் பேசும் எழுத்தர் காதால் கேட்டு எழுதிய பெயரும், ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுத்துக்கூட்டிய பெயரும் ஒரே ஆளுடையவை. தமிழ்ப் பெயரை மூலமாக வைத்து, அதிலிருந்து ஒலிச் சாவி ஒன்றை உருவாக்குங்கள். அந்தச் சாவியில் ல, ள, ழ ஒன்று. ர, ற ஒன்று. ந, ன, ண ஒன்று. ச, ஸ, ஷ ஒன்று. முன்னால் வரும் இகரத்தை விட்டுவிடுங்கள், இராமையாவும் ராமையாவும் சேர்ந்துகொள்வார்கள். இலட்சுமியும் லெட்சுமியும் சேர, உயிர்க்குறிகளையும் விட வேண்டியிருக்கும். தலைப்பெழுத்தைப் பெயரிலிருந்து பிரித்து வையுங்கள், முன்னும் பின்னும் மாறி வரும்.

எழுத்தின் குறியேற்றமும் ஏமாற்றும். "கொ" என்பதில் ககரத்தோடு சேரும் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றே, கணினிக்கு இரண்டு. கோபாலைத் தேடினால் கோபால் கிடைக்கவில்லை என்ற முறைப்பாட்டுக்கு முதலில் பார்க்கவேண்டிய காரணம் இதுதான். சேமிக்கும்போதும் தேடும்போதும் யுனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு (பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் வடிவம்) மாற்றுங்கள். பழைய கோப்புகளில் பாமினி எழுத்துருவில் தட்டிய பெயர்கள் இருந்தால் அவை வட்டில் ஆங்கில எழுத்துகளாகவே கிடக்கும். எழுத்துரு மாற்றி மென்பொருளால் யுனிகோடுக்கு மாற்றியபின் நூற்றுக்கு ஐந்தையாவது கண்ணால் பாருங்கள். நினைவூட்டல் எஸ்எம்எஸ் தமிழில் அனுப்பினால் ஒரு செய்திக்கு 70 குறிகள்தான், ஆங்கிலத்துக்கு 160. உயிர்மெய் பெரும்பாலும் இரண்டு குறி பிடிக்கும்; சுருக்கி எழுதினால் கட்டணம் பாதியாகும்.

பொருத்தும் விதியில் தாராளம் வேண்டாம். அட்டை எண், பிறந்த வருடம், பால் மூன்றும் ஒத்தால் மட்டும் தானாக இணையட்டும். மற்றவை ஓர் ஆளின் பார்வைக்குப் போகட்டும். ஒரே ஆளுக்கு இரண்டு பதிவு இருப்பது தொல்லை. இரண்டு ஆள் ஒரே பதிவானால் ஒருவரின் பெனிசிலின் ஒவ்வாமை மற்றவரின் பெயரில் மறையும், அது உயிர்ப்பிரச்சினை. ஆகவே இணைப்பதென்றால் ஒன்றை அழிப்பதல்ல, இரண்டையும் கோத்துக் குறிப்பது. பிழையென்று தெரிந்தால் பிரிக்க முடியவேண்டும். அரச வைத்தியசாலை தரும் தனிநபர் சுகாதார எண் கிடைத்தால், உங்கள் எண்ணை அதனால் மாற்றாமல் இன்னோர் அடையாளமாகச் சேருங்கள். மருத்துவப் பதிவுகளைப் பரிமாறும் எஃப்எச்ஐஆர் தரத்தில் நோயாளருக்குப் பல அடையாளங்கள் வைக்க இடம் இருக்கிறது. அந்தத் தரத்தை வெளியாரோடு பரிமாறும் வடிவமாகக் கொள்ளுங்கள். உள்ளே அட்டவணைகளில் சேமிப்பதே தேடலுக்கும் அறிக்கைக்கும் எளிது.

படங்கள்

ஓர்தாங்க் போன்ற திறந்த மூலப் பட சர்வரைப் பெட்டியில் ஓடவிடுங்கள். நாளுக்கு 20 எக்ஸ்ரே என்றால் 300 மெகாபைட். 90 நாள் வைத்தால் 27 ஜிகாபைட், சிறு வட்டே போதும். இரவு பத்துக்குப் பின், இழப்பில்லாத முறையில் சுருக்கி நடுவத்துக்கு அனுப்பலாம். கிளவுட்டில் சேமிக்கும் செலவு சிறிது, ஜிகாபைட்டுக்கு மாதம் இரண்டு மூன்று அமெரிக்கச் சதம். வெளியே எடுக்கும்போது அதைப்போல் நான்கு மடங்கு போகும். அடிக்கடி பார்க்கும் புதிய படம் கிளினிக்கிலேயே இருப்பதன் லாபம் அது.

சட்டம்

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தரவை விசேட வகையாகக் கொள்கிறது. மீறலுக்கு ஒரு கோடி ரூபாய் வரை தண்டப்பணம் விதிக்க இடமுண்டு. அரச அதிகார சபைகளின் தரவை நாட்டுக்குள்ளேயே கையாளவேண்டும் என்பது அதன் மூல வாசகத்தின் பொது விதி. சட்டம் 2025 இல் திருத்தப்பட்டது. ஆகவே பழைய விளக்கக் குறிப்பை வைத்து முடிவெடுக்காமல், திருத்திய வாசகத்தைச் சட்டத்தரணியோடு இருந்து வாசியுங்கள். அரச வைத்தியசாலை ஒன்றாவது வாடிக்கையாளராக வரும் என்றால் நடுவத்தைக் கொழும்பில் வைப்பதே பிற்காலத்தில் இடம்பெயர்க்கும் வேலையைத் தவிர்க்கும். தோட்ட நிர்வாகத்துக்குத் தனிமனிதரின் நோய்ப்பதிவு தெரியக்கூடாது என்பதையும் மென்பொருளின் அனுமதி அமைப்பிலேயே கட்டுங்கள். டிஸ்பென்சரி நிர்வாகத்தின் கட்டடத்தில் இருக்கலாம், வேலைநாளும் கூலியும் அதே நிர்வாகத்தின் கையில் இருக்கின்றன. ஒரு பெண்ணின் கருச்சிதைவோ ஒருவரின் காசநோயோ செக்ரோல் பக்கத்துக்குப் போய்ச் சேர வழியிருக்கக் கூடாது.

எந்த இடத்துக்கு எது

கண்டி நகரில் பைபரும் 4ஜியும் இரண்டும் உள்ள சனலிங் நிலையத்துக்குக் கிளவுட் மட்டுமே போதும். அன்றைய பெயர்ப்பட்டியலை உலாவியில் சேமித்துவைத்தால் ஒரு மணிநேரத் துண்டிப்பைத் தாண்டிவிடலாம். ஆய்வுகூடமோ எக்ஸ்ரேயோ உள்ள இடத்துக்கு, அது நகரமானாலும், பெட்டி வேண்டும். ஒரே ஒரு டிஸ்பென்சர் இருக்கும் தோட்டத்துக்குப் பெட்டிகூட அதிகம். ஒருவர் மட்டுமே எழுதுவதால் குறியாக்கிய எஸ்கியூலைட் (ஒரே கோப்பில் அடங்கும் சிறு தரவுத்தளம்) கோப்போடு ஒரு டேப்லெட் போதும். அதே ஒத்திசைவு விதிகள், பற்றரி உள்ளேயே இருக்கிறது, இடிக்கு வடமும் இல்லை. முப்பது இடத்தில் இருபது இப்படித்தான் இருக்குமென்றால், செலவுக் கணக்கே மாறிவிடும்.

எதைத் தெரிவுசெய்தாலும் கையெழுத்திடுமுன் ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு கிளினிக்கின் இணைப்பை வெள்ளிக்கிழமை காலை கழற்றுங்கள், 72 மணித்தியாலம் கழற்றியபடியே இருக்கட்டும். இடையில் ஒரு தடவை பிரதான மின்சுவிட்சை அணைத்து மறுபடி போடுங்கள், ஒரு தடவை கணினி நேரத்தை இரண்டு வருடம் பின்னால் தள்ளுங்கள். ஒரே நோயாளருக்கு இரண்டு இடத்தில் வெவ்வேறு ஒவ்வாமை எழுதுங்கள். திங்கட்கிழமை இணைப்பைப் பூட்டி, துண்டுகளில் எழுதிய எண்ணிக்கையையும் நடுவத்தின் எண்ணிக்கையையும் ஒப்பிடுங்கள். அடுத்து, காப்புப் பிரதியிலிருந்து அந்தக் கிளினிக்கை ஒரு புதிய பெட்டியில் மீட்டெடுத்து, எத்தனை மணித்தியாலம் சென்றதென்று எழுதிவையுங்கள். ஒப்பந்தத்தில் வாடிக்கையாளருக்கு எழுதிக்கொடுக்கவேண்டிய மீட்பு நேரம் அந்த எண்தான்.